டை அடித்த பிறகு முடி போகிறதா? போன முடியை முதலில் கையில் எடுங்கள்

டை அடித்ததிலிருந்து முடியெல்லாம் போச்சு என்று எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் யாராவது புலம்பினால் நான் கேட்கும் முதல் கேள்வி, "போன முடி எங்கே?" என்பதுதான். சிரிப்பார்கள். ஆனால் அதைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. ஒடிவது வேறு, கொட்டுவது வேறு, மெலிவது வேறு, ஒவ்வாமையில் தலை புண்ணாவது வேறு. நாலுக்கும் "முடி போச்சு" என்று ஒரே பெயரை வைத்துவிட்டு, ஒன்றுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு வயது 49, பதிமூன்று வருடமாக டை அடிக்கிறேன், இந்த நாலில் மூன்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதனால் முதல் வேலை இது. தலைக்குக் குளிக்கும் நாளில் சீப்பிலும் பாத்ரூம் ஜாலியிலும் சேர்ந்த முடியை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு இருபது முடியையாவது ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், வயசானவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் ஒன்று இருந்தால் அது வேரோடு வந்த முடி. குமிழே இல்லாமல், நீளமும் உங்கள் முடியின் முழு நீளமாக இல்லாமல், முனை பிய்ந்த துடைப்பக்குச்சி மாதிரி இருந்தால் அது ஒடிந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை வேரோடு விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். நாலு நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு நாலு நாள் கணக்கும் மொத்தமாக வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது உங்களுக்கு எது என்று பார்க்கலாம்.

துண்டு துண்டாக ஒடிகிறது, பின்னல் நுனி எலிவால் ஆகிவிட்டது

டை அடிப்பவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலோருக்கு இதுதான். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பார்லரில் "குளோபல் கலர் போட்டுக்கலாம் மேடம், ஈவனா இருக்கும்" என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். 30 வால்யூம் டெவலப்பர் (டையோடு கலக்கிற பெராக்சைடு), வேரிலிருந்து நுனிவரை. கல்யாணப் போட்டோவில் பிரமாதமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் தலையணை உறையிலும் ரவிக்கை முதுகிலும் அரை விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டியாக முடி. ஒன்றில்கூட வெள்ளைக் குமிழ் இல்லை.

ஏன் ஒடிகிறது என்றால், நிரந்தர டை என்பது சுவருக்கு வெளியே அடிக்கிற பெயிண்ட் மாதிரி இல்லை. அம்மோனியாவோ அதுபோன்ற வேறொரு காரமோ முடியின் மேலே ஓட்டு வரிசை மாதிரி அடுக்கியிருக்கும் செதில்களைத் தூக்கிவிடும். அந்த வழியாக ஹைட்ரஜன் பெராக்சைடும் நிறப்பொருளும் உள்ளே போய், உள்ளேயே சேர்ந்து பெரிதாகி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் குளித்தாலும் போவதில்லை. தூக்கிய செதில் முழுசாகப் பழைய நிலைக்குப் படியாது, உள்ளே இருக்கும் புரதமும் கொஞ்சம் போயிருக்கும். ஒரு தடவை என்றால் முடி தாங்கிக்கொள்ளும்.

எத்தனை தடவை என்பதுதான் விஷயம். முடி மாதத்துக்கு 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வளரும். 36 செ.மீ. நீள முடியின் நுனி ஏறக்குறைய இரண்டரை வருடம் பழசு. நீங்கள் மாதம் தவறாமல் தலை முழுக்கத் தடவுகிறவராக இருந்தால், அந்த நுனி முப்பது தடவை டை வாங்கியிருக்கிறது. அது முதல் தடவையிலேயே கறுத்துவிட்டது! மிச்சம் இருபத்தொன்பது தடவையும் வெறும் சேதம்தான். வெள்ளையாக இருப்பது வேரை ஒட்டிய ஒரு செ.மீ.யோ ஒன்றரை செ.மீ.யோ மட்டும். அங்கே மட்டும் டை போக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

நான் இப்போது வீட்டிலேயே செய்கிற முறையைச் சொல்கிறேன். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுவேன், டை அடிக்கிற அன்று ஷாம்பூ கிடையாது, ஏனென்றால் தலைத்தோலில் ஊறியிருக்கும் கொஞ்சம் எண்ணெய்ப் பசைதான் எரிச்சலைத் தடுக்கிறது. ஏற்கெனவே நிறம் ஏறிய நீளத்துக்கு, அதாவது வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நுனிவரைக்கும், தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிடுவேன், வேரில் படாமல். வழிந்து வரும் டை அங்கே சுலபத்தில் ஏறாது. தேங்காய் எண்ணெயைச் சும்மா பாட்டி சொன்னாள் என்று சொல்லவில்லை. மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய் என்று பூசிப் பார்ப்பதில் பயனில்லை, குளிப்பதற்கு முன் தடவினால் புரத இழப்பைக் குறைப்பது தேங்காய் எண்ணெய் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அந்த இரண்டோடும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறது. அது முடிக்கு உள்ளே இறங்கக்கூடிய எண்ணெய்.

அப்புறம் பிளாஸ்டிக் கிண்ணம், பிரஷ், கையுறை. எவர்சில்வர் கிண்ணமோ ஸ்பூனோ வேண்டாம். முடியை நாலாகப் பிரித்து கிளிப் போட்டு, சீப்பின் வாலால் அரை அங்குலத்துக்கு ஒரு வகிடு எடுத்து, வகிட்டின் மேல் மட்டும் பிரஷ்ஷால் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஷாம்பூ மாதிரி இரண்டு கையாலும் பிசையக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 30, 35 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். ஒரு மணி நேரம் ஊறினால் நன்றாகப் பிடிக்கும் என்பது கறிக்கு மசாலா தடவுகிற கணக்கு, இங்கே செல்லாது.

"கடைசி அஞ்சு நிமிஷம் நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கோங்க" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நான் கேட்பதில்லை. நுனி செம்பட்டையாக வெளுத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் அம்மோனியா இல்லாத, குறைந்த டெவலப்பர் உள்ள டெமி பெர்மனென்ட் ரகத்தைப் போட்டால் போதும்.

டெவலப்பர் என்றதும் இன்னொன்று. 10 வால்யூம் என்றால் 3 சதவீத பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்க 20 போதும். 30, 40 எல்லாம் கறுப்பு முடியின் சொந்த நிறத்தை வெளுக்க வைப்பதற்கு. நரையில் வெளுக்க என்ன இருக்கிறது? பார்லரில் உட்காரும்போது "எந்த வால்யூம்?" என்று கேளுங்கள், கேட்டாலே கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கலக்குவார்கள். "அம்மோனியா ஃப்ரீ" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், அம்மோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் மோனோ எத்தனாலமைன் என்ற இன்னொரு காரம் இருக்கும். மூக்கை எரிக்காது, அவ்வளவுதான் நிச்சயம். அம்மோனியா ஆவியாகிப் போய்விடும், இது அப்படிப் போகாது, அதனால் நன்றாக அலச வேண்டும்.

அலசிய பிறகுதான் நம் வீட்டு வழக்கங்கள் கெடுக்கும். தலையைக் குனிந்து முடியை முன்னால் போட்டு ஈரிழைத் துண்டால் பட் பட்டென்று அடிப்போமே, என் அம்மா இன்றைக்கும் அடிக்கிறாள், டை போடாத முடி அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். டை போட்ட ஈர முடி இருப்பதிலேயே பலவீனமான முடி. பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பாதி காய்ந்த பிறகு பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு கிண்டி பாலம் ஏறினால் ரப்பர் பேண்டு போட்ட இடத்திலேயே ஒடியும். ஏற்கெனவே பிளந்த நுனியை எந்த சீரமும் ஒட்டவைக்காது. வெட்டிவிடுங்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று அங்குலம்.

ஈர முடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறது, திரும்ப வரவில்லை

நல்ல முடியை நனைத்து மெதுவாக இழுத்தால் கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கும். சேமியா மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தால் உள்ளே இருக்கும் கட்டமைப்பே தளர்ந்துவிட்டது. ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெயிட்டனிங், பிளீச் போட்ட ஹைலைட்ஸ் இவற்றோடு டையும் சேர்ந்த தலைகளில்தான் இதைப் பார்க்கலாம். இரண்டு மாதமாவது எந்த ரசாயனமும் வேண்டாம், அயர்ன் பாக்ஸ் போன்ற ஸ்ட்ரெயிட்டனரும் வேண்டாம். அவசரத்துக்கு நரையை மறைக்க வேறு வழி கடைசியில் சொல்கிறேன். ஸ்மூத்தனிங்குக்கும் டைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும், ஒரே நாளில் இரண்டையும் செய்து தருகிறேன் என்று காம்போ ஆஃபர் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வேரோடு, கொத்துக் கொத்தாக வருகிறது

வெள்ளைக் குமிழ் இருக்கிறது, திடீரென்று தொடங்கியது, தலை முழுக்கச் சமமாகக் கொட்டுகிறது. இங்கே டை குற்றவாளி இல்லை, அது முடியின் வெளியே தெரிகிற உயிரில்லாத பகுதியில் வேலை செய்கிற பொருள். இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசியுங்கள். காய்ச்சல் வந்ததா? பிரசவம், ஆபரேஷன், சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து எடை இறக்கியது ஏதாவது உண்டா? சென்னையில் இதற்கு ஒரு சீசனே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்து படுத்தவருக்குப் பொங்கல் சமயத்தில் முடி கொட்டத் தொடங்கும். பொங்கலுக்காக டை அடித்திருப்பார், பழி டையின் தலையில் விழும். காரணம் நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

அடங்கவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சத்தின் சேமிப்பு), தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். முப்பது வயதுக்குள் வேகமாக நரைப்பவர்களும் பி12, தைராய்டு இரண்டையும் பார்ப்பது நல்லது, சில சமயம் காரணம் அதில் இருக்கும். பயோட்டின் மாத்திரையை வாங்கி விழுங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். விழுங்கிக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுக்கும்போது லேபில் சொல்லிவிடுங்கள், சில தைராய்டு டெஸ்ட் முடிவுகளை அது குழப்பிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டை ஒவ்வாமையால் தலைத்தோல் வீங்கிப் புண்ணாகியிருந்தால், அதற்குப் பிறகும் வேரோடு கொட்டலாம்.

கொட்டவும் இல்லை, ஒடியவும் இல்லை, வகிடு மட்டும் அகலமாகிறது

இது மெதுவாக, வருடக் கணக்கில் நடப்பது. பெண்களுக்கு நடு வகிட்டிலும் உச்சியிலும், ஆண்களுக்கு நெற்றி ஓரத்திலும் உச்சியிலும். பரம்பரையாகவோ, மாதவிடாய் நிற்கும் வயதிலோ வருவது. டையை நிறுத்தினாலும் இது நிற்காது, தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும், சீக்கிரம் போனால் பலன் அதிகம். முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைத் தடவுகிறவர்கள் டை அடிக்கிற அன்று அதை விட்டுவிட்டு, தலைத்தோல் எரிச்சல் இல்லாமல் இருந்தால் மறுநாள் தொடருங்கள்.

ஆனால் டை இங்கே ஒரு கண்கட்டு வித்தை செய்கிறது. நம் முகம் மாநிறமாக இருந்தாலும் தலைத்தோல் அதைவிட வெளுப்பு. அதன் மேல் கன்னங்கரேல் என்று மை மாதிரி டை அடித்தால், கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே வகிடு ரோடு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும். நேற்றுவரை நரைமுடி அந்தத் தோலோடு கலந்து மறைத்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு "டை அடிச்சதும் முடி குறைஞ்சுடுச்சு" என்று தோன்றும். டார்க் பிரவுனோ, அதற்கும் ஒரு படி குறைவோ எடுத்துப் பாருங்கள், நேர்வகிட்டைக் கோணல் வகிடாக மாற்றுங்கள். என் கணவர் மூன்று வருடம் கரி நிறத்தில் அடம்பிடித்துவிட்டுப் போன தீபாவளிக்குத்தான் பிரவுனுக்கு இறங்கி வந்தார், ஆபீஸில் முடி நட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார்களாம்.

அரிப்பு, எரிச்சல், காதோரம் நீர் கோத்துக்கொள்கிறது, கண் இமை வீங்குகிறது

மற்றதெல்லாம் அழகு சமாச்சாரம், இது மருத்துவ சமாச்சாரம். உடனே அலசுங்கள், மிச்ச டையைத் தூக்கிப் போடுங்கள், பெட்டியை மட்டும் டாக்டரிடம் காட்டப் பத்திரமாக வையுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, நாக்கு, தொண்டை வீங்கினாலோ 108க்கு அடியுங்கள், யோசிக்க வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் பாரா ஃபெனிலீன் டையமின், சுருக்கமாக பிபிடி. பத்து வருடம் ஒரே டையை ஒரு தொந்தரவும் இல்லாமல் அடித்தவருக்குப் பதினோராவது வருடம் வரலாம், எனக்கு அப்படித்தான் ஒருமுறை காது மடல் வீங்கியது. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் மோசமாக வரும். தண்ணீரில் குழைக்கிற பாக்கெட் டை, "ஹெர்பல்" என்று இலைப்படம் போட்டது, பத்து நிமிடத்தில் கறுப்பாகிற "பிளாக் மெஹந்தி", எதுவானாலும் பின்பக்கப் பொடி எழுத்தில் பாருங்கள், பிபிடி இருக்க நிறைய வாய்ப்புண்டு. பிபிடி இல்லை என்று விற்பதில் அதன் பங்காளியான டொலுவீன் டையமின் இருக்கலாம், அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

48 மணி நேரத்துக்கு முன்னால் பெட்டியில் சொல்லியிருக்கிறபடி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்ப்பதை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. செய்யுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர்கள் இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்யாமல் தோல் டாக்டரிடமே செய்துகொள்ளுங்கள்.

முடி தேங்காய் நார் மாதிரி, குளித்த பிறகும் பிசுபிசுவென்று

டையைச் சந்தேகிப்பதற்கு முன் பக்கெட்டைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா, ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றனவா? குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளிக்கிறோம், அது இந்தத் தரநிலையெல்லாம் பார்த்து வருவதில்லை. கால்சியமும் மெக்னீசியமும் செதில் தூக்கிய முடியில்தான் அதிகம் ஒட்டும். தண்ணீரில் இரும்போ தாமிரமோ இருந்தால் இன்னும் வினை, முடியில் படிந்த அந்த உலோகம் டையின் பெராக்சைடோடு சேர்ந்து சேதத்தைக் கூட்டும்.

வீட்டில் மெட்ரோ வாட்டர் தனிக்குழாயில் வந்தால் தலைக்கு மட்டும் அதைப் பிடித்துவையுங்கள். இல்லாவிட்டால் கடைசி அலசலுக்கு ஆர்ஓவில் சுத்திகரித்த தண்ணீர் இரண்டு சொம்பு. ஆர்ஓ வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் எடுத்து ஊற்றிக்கொள்ளாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். ஈடிடிஏ (படிந்த உப்பையும் உலோகத்தையும் பிடித்து இழுக்கிற பொருள்) உள்ள கிளாரிஃபையிங் ஷாம்பூவை மாதம் ஒருமுறை, டை அடிப்பதற்கு முந்தின நாள் போட்டால் படிந்த உப்பும் போகும், டையும் சீராகப் பிடிக்கும்.

டையே வேண்டாம் என்று மருதாணிக்கு மாறினேன், ஆரஞ்சாகி வறண்டும் போச்சு

மருதாணியின் நிறம் ஆரஞ்சுதான், நரையில் அது அப்படியேதான் தெரியும். கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசிய பிறகு அவுரி இலைப் பொடி. மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அவுரியைக் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடவிவிட வேண்டும், மருதாணி மாதிரி ராத்திரி ஊறவைத்தால் வீணாகிவிடும். முதல் நாள் பச்சை, நீலம் என்று பயமுறுத்தும், ஒன்றிரண்டு நாளில் கறுக்கும்.

வறட்சிக்குக் காரணம் மருதாணியில் பிழிகிற எலுமிச்சையும், ஒவ்வொரு முறையும் நுனிவரை அப்புவதும். இங்கேயும் வேருக்கு மட்டும்தான். பிபிடி கலந்திருக்கிறதா என்று தெரியாத பொடியோ, இரும்புச் சட்டியில் ஊறவைத்த மருதாணியோ போட்ட முடியில் நேராகப் போய் பெராக்சைடு டை போடாதீர்கள், சீப்பில் வந்த முடியைச் சேர்த்துக் கட்டி அதில் முதலில் போட்டுப் பாருங்கள், சூடாகிறதா, பிசினாகிறதா என்று தெரிந்துவிடும்.

காதோரம் மட்டும் பிடிக்கவே இல்லை, பத்தே நாளில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது

இதனால்தான் பலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்து முடியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காதோர நரை முரட்டு முடி, சீக்கிரம் நிறம் ஏறாது. அதனால் டையை முதலில் அங்கே வையுங்கள், கடைசியாக உச்சிக்குப் போங்கள், நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். இரண்டு டைக்கு நடுவில் ஐந்து வாரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள், அதுவரை தாக்குப்பிடிக்க வேர் மறைக்கும் பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணாடி வைத்த சின்ன டப்பாவில், பிரஷ்ஷோடு வரும். குளித்தால் போய்விடும், முடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று என் நாத்தனார் வைகாசி முகூர்த்தத்துக்குக் கண் மை பென்சிலை வகிட்டில் தேய்த்துக்கொண்டு வந்தாள், மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை, தாலி கட்டுவதற்குள் நெற்றியில் இரண்டு கோடு.